கை பழகிப் போன கோளாறு

எங்கள் வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். இங்கிலாந்தில் கோவெண்ட்ரியில் அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். நேரில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அப்படித்தான் இங்கே வழக்கம். இந்தப் பதிவுக்கு மட்டும் அவர் தாத்தா.

தாத்தாவிடம் 1972 மாடல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான வண்டி. இவருடையது கூரையை மடக்கி வைக்கிற ரகம். நான் படிப்பது மெக்கானிக்கல் என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாயேன், ஒரு ரவுண்டு போய் வரலாம்" என்றார்.

நேரான ரோடு, ஐம்பது மைல் வேகம். நான் ரோட்டை விட்டுவிட்டு அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டீயரிங்கை இடம், வலம், இடம் என்று நிறுத்தாமல் திருத்திக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். "நானா? இல்லையே!" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார். வண்டி கொஞ்சம் அலைபாய்கிறதாம். போன வருடம் இரண்டு பக்கமும் டை ராட் எண்ட் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. பலனில்லை. ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில் பேத்திக்குக் கல்யாணம், அவளை இந்த வண்டியில்தான் சர்ச்சுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை.

எனக்குப் பகீர் என்றது. இந்த நாட்டில் கார்களுக்கு வருடாவருடம் எம்.ஓ.டி. என்ற சோதனை உண்டு. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத, நாற்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு அது கட்டாயமில்லை. வண்டியைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் ஓனருடையது. தாத்தா அதற்குப் பிறகு யாரிடமும் காட்டியதில்லை. அந்தச் சோதனையில் வேறொருவர் கை சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும். இங்கே பல வருடமாக இருந்தது பழகிப் போன ஒரே ஒரு ஜோடிக் கை!

சரி, விஷயத்துக்கு வருவோம். காசு செலவில்லாத வேலையில்தான் ஆரம்பித்தோம். டயர் காற்று: முன்னால் ஒன்றில் 26, மற்றதில் 17. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் 2310, அதாவது 2010-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ரப்பர்தான் கிழடு. காற்றைச் சமமாக்கி ஓட்டியதும் பாதி சரியானது. "அவ்வளவுதானே!" என்று தாத்தா டீ போடக் கிளம்பிவிட்டார். ஆனால் குண்டு குழியில் இறங்கும்போது இடது பக்கம் 'டொக்' என்ற சத்தம் போகவில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 3-லும் 9-லும் பிடித்து ஆட்டினால் தெரிவது பெரும்பாலும் டை ராட், ரேக் பக்கத்து ஆட்டம். இங்கே ஒன்றுமில்லை. பட்டறைக்காரர் சொன்ன ரேக் பாவம், நிரபராதி :-) அடுத்து 12-லும் 6-லும் பிடித்து ஆட்டினேன். டொக்!

இது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். தாத்தாவை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அழுத்தினால் சக்கரமும் அதைத் தாங்கும் அச்சும் ஒரே கட்டாகிவிடும், பேரிங் ஆட்டம் என்றால் அதோடு நின்றுவிடும். நிற்கவில்லை. பிறகு அவரை ஆட்டச் சொல்லி, நான் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தேன். இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் ஆர்ம். அங்கே அமைதி. கிங் பின்னின் அடிமுனை லோயர் ஆர்மோடு சேரும் இடத்தில் விரலில் துள்ளியது.

தாத்தாவால் நம்ப முடியவில்லை. "வருஷா வருஷம் நானே கிரீஸ் அடிக்கிறேனே!" பொய்யில்லை. பக்கத்துக்கு மூன்று நிப்பிள். கிரீஸ் கன்னை வைத்து அழுத்திக் காட்டினார். கீழ் நிப்பிள் அடைத்திருந்தது. கிரீஸ் உள்ளே போகாமல் கன்னின் வாயைச் சுற்றி வழிந்தது. அந்த வழிசலைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் உள்ளே நிறைந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். போதாததற்கு, சக்கரம் தரையில் இருக்கும்போதே அடித்திருக்கிறார். தூக்கி வைத்து அடித்தால்தான் எடை இறங்கி, கிரீஸ் புக இடுக்கு கிடைக்கும்.

அங்கே இருக்கிற ஒரு போல்ட் அறுந்தால் சக்கரத்தின் அடிப்பாகத்தைப் பிடித்து வைக்க வேறு எதுவும் கிடையாது. அதைச் சொன்னதும் தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. யாரை நினைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

வேலையை நாங்கள் செய்யவில்லை. ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருக்கும் இடம், புஷ்ஷையும் அளவாகக் குடைந்து பொருத்த வேண்டும். தெரிந்த கைக்கு இரண்டு பக்கத்தையும் கொடுத்தார். கூடவே புது டயர்.

வண்டி வந்ததும் மறுபடி ஒரு ரவுண்டு போனோம். வேடிக்கை என்னவென்றால், வண்டி இப்போதும் அலைபாய்ந்தது! ஏனென்றால் தாத்தா கை இன்னும் இடம், வலம் என்று திருத்திக்கொண்டே இருந்தது. வண்டி அதை அப்படியே கேட்டது. "கையைச் சும்மா வையுங்கள்" என்றேன். வைத்தார். நேராகப் போனது.

ஐந்தாறு மைல் போன பிறகுதான் அந்தக் கை அடங்கியது.