முற்றத்தில் நின்ற வான்

அந்தப் பெரியவர் சட்டத்தரணியான என் மேசையில் முதலில் வைத்தது ஒரு கடிதத்தின் பிரதியை. நான்காக மடித்துப் பொலித்தீன் பைக்குள் போட்டு, றப்பர் பட்டி சுற்றி, மடிக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தார். கொக்கட்டிச்சோலையில் உள்ள மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்தின் திகதி முத்திரை அதில் தெளிவாகத் தெரிந்தது. தன்னுடைய வான் பாவனையில் இல்லை, வீட்டு முற்றத்தில் நிற்கிறது, அதனால் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் அவர் எழுத்தில் கொடுத்த அறிவித்தல்.

"இது கையில இருக்கக்குள்ள எங்களுக்கு ஒண்டும் வராதுதானே ஐயா?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் தங்கையின் மகன் நின்றான். வானை ஓட்டியவன் அவன்தான். வந்ததிலிருந்து நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெயர்களைத் தவிர்க்கிறேன். அந்த வானைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஆட்கள் நேரே கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போவதென்றால் மண்முனைத் துறையில் பாதை ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனத்தையும் வாவியின் மேலால் ஏற்றிச் செல்லும் மிதவையை. இரவில் அது இல்லை. இரவில் வலி கண்ட பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் வவுணதீவால் சுற்றி, வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்புக்குக் கொண்டுபோன வான் அது. ஊரில் அந்த வானுக்குள் பிறந்த பிள்ளையும் உண்டு என்று பெரியவர் சொன்னார். பாலம் வந்த காலத்தில் அவருக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. மகன் லண்டனில். வான் மாமரத்துக்குக் கீழே நின்றது. காப்புறுதி முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை.

"ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ் என்னத்துக்கு?" என்று அன்று அவர் கேட்டதைத்தான் நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இன்றும் கேட்கிறார்கள். கேள்வியில் பிழையில்லை. ஓடாத வண்டி ஒருநாள் ஓடும் என்பது மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

வானுக்கு ஒரு வாங்குகாரர் வந்தார். ஓடிக் காட்டச் சொன்னார். அதற்கு முதலில் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். கராஜ் பிரதான வீதியில், வீட்டிலிருந்து முந்நூறு யார்கூட இல்லை. லண்டன் மகனிடம் தொலைபேசியில் கேட்டார்கள். "இங்க வீதியில ஓடாத காரைச் சோதனைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், அதுக்குச் சட்டத்தில இடமிருக்கு, அங்கயும் அப்படித்தான் இருக்கும் அப்பா" என்றான் அவன். ட்ரக்டரின் பற்றரியைக் கழற்றி மாட்டினார்கள். எஞ்சின் பிடித்தது. மருமகன் இரண்டு தரம் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். கல் மாதிரி இருந்ததாம். மூன்றாம் தரம், வளைவில், மிதி தட்டுவரை போய்விட்டது. சைக்கிளில் தயிர்ச்சட்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் வேலியோடு ஒதுங்கினாள். ஒதுங்க இடம் போதவில்லை.

இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. மகிழடித்தீவு வைத்தியசாலையிலிருந்து அன்றே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினார்கள்.

பிரேக் ஏன் போனது என்பதை மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கையிலிருந்து நான் படித்துக்கொண்டேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாவிக்கரையில் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்த ஈரம் சில்லுச் சிலிண்டரின் உட்சுவரைத் துருவேற்றும். அசையாமல் கிடக்கும் றப்பர் இறுகி வெடிக்கும். முதல் மிதியில் அது தாங்கும். துருவின் மேல் உரசிய பிறகு எண்ணெய் கசியும். பரிசோதகர் கழற்றிக் காட்டிய றப்பர் வளையம் பெருவிரல் நகத்தளவு கிழிந்திருந்தது. ஓடுகிற வாகனத்தைவிட நின்று எழும்பும் வாகனத்துக்கு முதல் நாள்தான் ஆபத்து. காப்புறுதி இல்லாமல் இறக்குவதும் பெரும்பாலும் அந்த முதல் நாளில்தான்.

அடுத்த நாள் ஒருவர் பெரியவரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். மூன்றாந் தரப்புக் காப்புறுதி எடுத்துத் தரலாம், விபத்துக்கு முன் எடுத்தது போலத் திகதியைச் சரிப்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு ஆசை இருந்தது. நான் கோபப்படவில்லை. ஆனால் எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: சான்றிதழில் திகதி மட்டுமல்ல, மணியும் நிமிடமும் அடிக்கப்படும். பொலிஸ் தகவல் புத்தகத்திலும் மணி உண்டு. இதுவரை நடந்தது ஒரு விபத்து. அதைச் செய்தால் மோசடி. "அந்த மனுசனைத் திரும்ப வீட்டுக்குள்ள எடுக்காதீங்க. எடுத்தா வேற சட்டத்தரணியைப் பாருங்க." அவர் எடுக்கவில்லை.

இனி அந்தக் கடிதம். பாவனையில் இல்லை என்ற அறிவித்தல், வாகனம் நின்ற காலத்துக்கு வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் கேட்காமல் இருப்பதற்கு உதவும். காப்புறுதியைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. வானை வெளியில் எடுத்தவுடன் அந்தக் கடிதம் திரும்பி எங்களைப் பார்த்தது: பாவனையில் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் பாவித்திருக்கிறார். அவர் கவசம் என்று நம்பி வைத்திருந்ததை நான் கோப்பின் அடியில் வைத்தேன்.

எங்களுக்கு ஒரேயொரு வாதம் மிஞ்சியது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, மூன்றாந் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை 'ஹைவே'யில் பாவிப்பதைத்தான் தடுக்கிறது. விபத்து நடந்த ஒழுங்கை பெரியவரின் உறுதிக் காணிக்குள் இருந்தது. நில அளவைப் படத்தோடு வந்தார். "ஹைவே எண்டா கொழும்பு ரோட்டுதானே ஐயா? இது என்ர வளவு."

படத்தை நம்பி நான் வாதாடியதில்லை. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒழுங்கையின் தொங்கலில் கடப்படி. இரண்டு பக்கமும் நட்டிருந்த மரக்குற்றிகள் இடுப்புயரத்தில் மட்டும் பளபளவென்று மழமழத்திருந்தன. எத்தனையோ வருடமாகப் பிடித்துத் திரும்பிய கைகள். நிலத்தில் சைக்கிள் சில்லின் தடம் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளமாகி, இரண்டு பக்கமும் புல், நடுவில் வெறும் மண். நான் நின்ற அரை மணித்தியாலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், விறகுக்கட்டோடு ஒரு அம்மா, மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பெடியன் என்று பதினொரு பேர் போனார்கள். ஒருவரும் யாரிடமும் கேட்கவில்லை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேருக்கு ஊர்ச்சனம் இதால்தான் போகும் என்று பெரியவரின் மனைவியே பெருமையாகச் சொன்னார்: "நாங்க ஒருநாளும் அடைச்சதில்ல தம்பி."

அந்த வார்த்தையோடு வாதம் முடிந்தது. சட்டத்தின் வரைவிலக்கணத்தில் ஹைவே என்பது தார் போட்ட பெரிய வீதி மட்டுமில்லை. பொதுமக்களோ அவர்களில் ஒரு பகுதியினரோ போய்வர இடம் கொடுக்கப்பட்ட இடமும் அதற்குள் வரும். உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அடைக்காமல் விட்ட அந்த நல்ல மனசு, சட்டத்தின் கண்ணுக்கு ஒழுங்கையை வீதியாக்கிவிட்டது.

கெட்டிக்கார வாதம் ஒன்றைக் கட்டியிருக்கலாம். பலன் என்ன? காப்புறுதிக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினாலும், அந்தப் பெண்ணுக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு போகாது. காப்புறுதிக் கடமைதான் வீதியைப் பார்க்கும். கவலையீனத்தால் வந்த காயத்துக்கான பொறுப்பு முற்றத்துக்குள்ளேயே பிறந்துவிடும். மருமகன் ஓட்டியது மாமாவின் வேலைக்காக, மாமாவின் சொல்லுக்கு. எனவே இருவரும் பொறுப்பு. நீதவான் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னேன். தண்டம் கட்டினார்கள். 2016 நவம்பரில் வாசிக்கப்பட்ட பாதீட்டில், காப்புறுதி இல்லாமல் ஓட்டுவதற்குக் குறைந்தது 25,000 ரூபாய் என்ற முன்மொழிவு வந்த பிறகுதான் ஊரில் இது பெரிய பேச்சானது. எங்கள் வழக்கு அதற்கு முந்தியது; தண்டம் பெரிதாக வலிக்கவில்லை.

வலித்தது மாவட்ட நீதிமன்ற வழக்கு. காப்புறுதி இருந்திருந்தால் அந்தப் பெண் தீர்ப்புப் பெற்றதும் 105ஆம் பிரிவின் கீழ் நிறுவனமே பணத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு, வழக்குத் தொடர முன்னரோ தொடர்ந்து ஏழு நாளுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 106ஆம் பிரிவு. இங்கே அறிவிப்பதற்கு ஒரு நிறுவனமே இல்லை. மறுபக்கச் சட்டத்தரணி நல்ல மனிதர். அவர் என்னிடம் கேட்டது: "தீர்ப்பை எடுத்து நான் எங்கே அமுலாக்கிறது? வயலையா?"

அந்தப் பெண்ணை நீதிமன்ற விறாந்தையில்தான் முதன்முதல் பார்த்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கில் இருந்தார். "நடக்க ஏலும் ஐயா. குந்தத்தான் ஏலாது" என்றார். குந்தாமல் பால் கறக்க முடியாது. இதைவிடத் தெளிவாக வருமான இழப்பை எந்த நிபுணரும் எனக்கு விளக்கியதில்லை. எதிர்த்தரப்பு ஆள் என்பதற்காக அவரிடம் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. மறுபக்கச் சட்டத்தரணியின் சம்மதத்தோடு பேசினேன். அன்று பின்னேரமே பெரியவரிடம் இணக்கத்துக்கு வரச் சொன்னேன்.

பணம் ஒரே தடவையில் இல்லை. ஆறு தவணை. மாரிப்போகம் வெட்டி மார்ச் கடைசி, சிறுபோகம் வெட்டி செப்டெம்பர் கடைசி. வானை இரும்புக்கு விற்ற காசு முதல் தவணையோடு போனது. இரண்டு தரப்பும் கையெழுத்திட, நீதிமன்றம் இணக்கத் தீர்ப்பாகப் பதிவுசெய்தது.

லண்டன் மகன் அந்த நாட்களில் என்னோடு பேசினான். அவன் சொன்னதில் பாதி சரி. பிரித்தானியாவில், வாகனம் வீதியில் இல்லை என்று சொல்லும் 'சோர்ன்' என்ற அறிவித்தல் 1998இலிருந்து இருக்கிறது. 2011இலிருந்து வாகனம் வைத்திருப்பவர் ஒன்றில் காப்புறுதி வைத்திருக்க வேண்டும், அல்லது வீதியில் இல்லை என்று அறிவித்திருக்க வேண்டும். அறிவித்த காரை முன்பதிவு செய்த தகுதிச் சோதனைக்கு ஓட்டிப் போகலாம் என்பதும் உண்மை. அந்த ஓட்டத்துக்கும் காப்புறுதி வேண்டும் என்ற மற்றப் பாதியைத்தான் அவன் அப்பாவுக்குச் சொல்லவில்லை. போனில் அழுதான்.

தவணைகள் ஓடிக்கொண்டிருந்தபோது, 2018 செப்டெம்பர் 4இல், ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. போர்த்துக்கல்லில் ஒரு பெண் உடல்நலக் குறைவால் காரை ஓட்டுவதை விட்டு வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார். காப்புறுதி இல்லை, பாவனையிலிருந்து நீக்கும் முறையான நடவடிக்கையும் எடுக்கவில்லை. 2006இல் மகன் கேட்காமல் எடுத்துப் போய் விபத்தில் அவனும் இரண்டு பேரும் இறந்தார்கள். நட்டஈடு கொடுத்த அரச நிதியம் 4 இலட்சத்து 37 ஆயிரம் யூரோவுக்கு மேல் கேட்டு அவர் மேல் வழக்குப் போட்டது. ஓடக்கூடிய நிலையில், முறைப்படி நீக்கப்படாமல் நிற்கும் வாகனத்துக்குத் தனியார் காணியில் நின்றாலும் காப்புறுதி வேண்டும் என்றது நீதிமன்றம். எங்கள் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அதை வாசித்தபோது எனக்குத் தெரிந்தது அந்த மாமரமும் அதற்குக் கீழே நின்ற வானும்தான்.

படுவான்கரையில் இன்றும் வீட்டுக்கு வீடு இப்படி ஏதாவது நிற்கிறது: வெளிநாடு போன மகனின் மோட்டார் சைக்கிள், சிறுபோகம் செய்யாத வருடத்து ட்ரக்டர், வாங்குகாரரைப் பார்த்து நிற்கும் ஓட்டோ. வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பற்றரியைக் கழற்றி வையுங்கள், சாவியைப் பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் தொங்கவிடாதீர்கள். திருத்த வேண்டுமென்றால் கராஜ் பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் லொறியில் ஏற்றி அனுப்புங்கள். கடப்படி தாண்ட வேண்டுமென்றால் முதல் நாளே மூன்றாந் தரப்புக் காப்புறுதி எடுத்துவிடுங்கள். பெரியவர் எடுக்காமல் விட்ட காப்புறுதிக்கு ஒரு வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். அவர் மூன்று வருடம் விளைந்த நெல்லைக் கொடுத்தார்.

கடைசித் தவணையை அவர் நேரில் கொண்டுவந்தார். கண் அநேகமாகத் தெரியவில்லை. மருமகன் கைபிடித்துக் கூட்டிவந்தான். அந்தப் பெண் மகளோடு வந்து பணத்தை எண்ணி, பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தார். போகும்போது பெரியவரிடம், "கோயிலுக்கு உங்கட ஒழுங்கையாலதான் இப்பவும் போறம் மாமா" என்றார்.