குரல் இல்லாத குழந்தை இல்லை

பாட்டு வகுப்பின் முதல் வாரத்திலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் உண்டு. பாட வருகிறவர்களுக்கு முன்வரிசை. வராதவர்களுக்குக் கடைசி வரிசை. ஆண்டு விழாவில் அவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும். இசை ஆசிரியர் வேலைக்கு வரும் இளையோரை என் சொந்தப் பிள்ளைகளாக எண்ணிச் சொல்கிறேன்: அந்தப் பிரிவினையைச் செய்யாதீர்கள். ஆறு வயதில் 'உனக்குக் குரல் இல்லை' என்ற சொல்லைக் கேட்டவர், அறுபது வயதில் பேரக் குழந்தையைத் தூங்கவைக்கக்கூட வாய் திறக்கக் கூசுவதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எந்தப் பாட்டானாலும் ஒரே ஸ்வரத்தில் ஒப்பிப்பான். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அவனை என் சுருதிக்கு இழுக்காமல், அவன் நின்ற இடத்துக்குச் சுருதிப் பெட்டியை இறக்கினேன். அவன் பிடித்த ஸ்வரத்தையே நானும் 'ஊ' என்று பாடினேன். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டபோது பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான். பிறகு மறுபடியும் பாடச் சொல்லி அவனே கேட்டான். அதன்பின் அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றினோம். ஆடி போய்த் தை வந்தபோது ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம்வரை சேர்ந்து பாடினான். குறை அவன் தொண்டையில் இல்லை. தன் குரலும் பிறர் குரலும் ஒன்றுசேர்வது எப்படி இருக்கும் என்பதை அவன் காது அதுவரை அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். தூக்கிவிட நினைப்பவர் முதலில் குனிய வேண்டும்.

ஆண் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் நீங்கள் கனமாகப் பாடினால், குழந்தை உங்களைப் போலவே பாட எண்ணித் தொண்டையை அமுக்கிக்கொள்ளும். சின்னக் குரல் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்தான் இயல்பாக நிற்கும். அந்த எல்லையைக் கண்டுபிடித்துச் சுருதி வையுங்கள். 'சத்தமாப் பாடு' என்பதையும் விட்டுவிடுங்கள். கத்திப் பழகிய குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்காது. கேட்காதவரைக்கும் சுருதி சேராது.

நம் முறைப்படி தொடக்கம் மாயாமாளவகௌளை. சரளி வரிசையை அந்த ராகத்தில் வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. முறையாகச் சங்கீதம் கற்க வருகிறவருக்கு அதைவிட நல்ல அடித்தளம் இல்லை. ஆனால் அந்த ராகத்தில் ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும், காந்தாரம் வெகுதூரம் தள்ளி நிற்கும். நாற்பது பேர் உள்ள ஒன்றாம் வகுப்பில் அந்தத் தாண்டல் கைகூடாது. மோகனத்தில் ஐந்தே ஸ்வரங்கள், நெருக்கடியான இடமே இல்லை. ஹங்கேரியின் இசையறிஞர் ஸோல்தான் கோடாயும் குழந்தைகளுக்கு ஐந்து ஸ்வர நாட்டுப்பாடல்களையே முதலில் வைத்தார். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950இல் அவர் வழியில் ஓர் இசைத் தொடக்கப் பள்ளியே எழுந்தது. நாமும் நம் ஊர்த் தாலாட்டிலும் கும்மியிலும் தொடங்கலாம். வரிசைகள் மூன்றாம் வகுப்புவரை காத்திருக்கட்டும்.

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். ஆதி தாளத்துக்குச் சுண்டுவிரலைத் தனியாக மடக்க ஐந்து வயதுக் கைக்கு வராது. எட்டு அட்சரத்தையும் நடக்கவிடுங்கள். கால் கற்றதை விரல் பிறகு பிடித்துக்கொள்ளும்.

இந்த வேலையில் மனம் சலிக்கும் நாள் வரும். ஒரு பள்ளியில், தேர்வு நெருங்குகிறது என்று பாட்டு வகுப்பைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொண்டு, காலை வணக்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் மட்டும் கேட்டேன். கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்த முழு வகுப்பைவிட, நாள்தோறும் கிடைத்த அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளின் காதை நன்றாகத் தீட்டியது. கெச்கெமேட் பள்ளியிலும் பாட்டு அன்றாட வகுப்பாகத்தான் இருந்தது. மறு ஆண்டு வகுப்பு திரும்பக் கிடைத்தபோதும் காலை நேரத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் நீங்களும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியபின் கேட்டால் கிடைக்காது.