கரகரத்த ஒலியில் ஒரு தெளிவு



இவ்வாரம் உங்களோடு ஒரு சிறிய இரும்புப் பெட்டியைக் குறித்துப் பேச விரும்புகிறேன். மின்சாரக் கிட்டார் வாசிப்போர் காலால் மிதித்து இயக்கும் பெட்டிகளில் அதுவும் ஒன்று. ஃபஸ் பெடல் என்பது அதன் பெயர். கிட்டாரிலிருந்து வரும் தெளிந்த நாதத்தை வாங்கி, கரகரத்த, தடித்த, ஓரங்கள் கிழிந்த ஓசையாக அது திருப்பித் தரும். நம் இசைக்குழுவின் வாலிபர்கள் பலர், "ஐயா, எந்த ஃபஸ் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. ஒரு பெயரை மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. எப்படித் தெரிந்தெடுப்பது, நான் எதைத் தெரிந்தெடுத்தேன், ஏன் என்பவற்றை இங்கே எழுதுகிறேன். கிட்டாரைத் தொட்டே பார்த்திராதவர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலாவது, இந்த ஓசை பிறந்த விதத்தை அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகர் 'டோன்ட் வொர்ரி' என்ற பாடலைப் பதிவு செய்தார். அது 1961-இல் வெளிவந்தது. அந்தப் பதிவில் கிரேடி மார்ட்டின் என்ற கலைஞர் தாழ்ந்த சுரங்களை மீட்டினார். அவருடைய ஒலி சென்ற வழியில், ஒலிக்கலவை மேசையின் ஒரு பகுதி பழுதாகியிருந்தது. மென்மையான அந்தப் பாடலின் நடுவே, கிழிந்த தகரத்தைத் தட்டினாற்போல் ஓர் ஓசை எழுந்தது. பழுது என்று தள்ளிவிடாமல் அதை அப்படியே பாடலில் விட்டுவைத்தார்கள். பாடல் பெரும் வெற்றி பெற்றது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்னும் மற்றொரு பொறியாளருடன் சேர்ந்து, அந்த ஓசையை வேண்டும்போது எழுப்பும் ஒரு மின்சுற்றை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதை வாங்க அன்று ஆளில்லை. ஊதுகருவிகளையும் செல்லோவையும் போலக் கிட்டாரை ஒலிக்கச் செய்யலாம் என்று விளம்பரம் செய்தும் பெட்டிகள் கடைகளில் தேங்கிக் கிடந்தன. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் பின்னர் ஊதுகருவிகள் வாசிக்கவேண்டிய இடத்தை அடையாளம் காட்டுவதற்காக இந்தப் பெட்டியைப் பயன்படுத்தினார். ஊதுகருவிகள் சேர்க்கப்படவேயில்லை, அந்தக் கரகரப்பே உலகெங்கும் ஒலித்தது. தேங்கிக் கிடந்த பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டில் இங்கிலாந்தின் யார்ட்பேர்ட்ஸ் குழுவினர் ஒரு பாடலுக்காக நம் நாட்டு சிதார் வாசிப்பவர் ஒருவரை அழைத்துப் பார்த்தார்கள்; முடிவில் ஜெஃப் பெக் ஃபஸ் கிட்டாரிலேயே அந்தச் சாயலை வருவித்தார். பழுதிலிருந்து பிறந்த ஓசை, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு மொழியாகவே ஆகிவிட்டது.

இந்தப் பெட்டி உள்ளே என்ன செய்கிறது? கிட்டாரின் கம்பி அதிரும்போது மின்சாரத்தில் ஓர் அலை எழுகிறது. அந்த அலைக்கு உருண்ட முகடும் உருண்ட பள்ளமும் உண்டு. டிரான்சிஸ்டர்கள் அதைப் பல மடங்கு பெருக்குகின்றன. ஆனால் 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் சுற்றுக்கு ஓர் எல்லை உண்டல்லவா? அந்த எல்லையில் முட்டியதும் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. உருண்ட அலை ஏறக்குறைய சதுர அலையாகிறது. அவ்வாறு வெட்டுண்ட இடத்தில், மூல நாதத்தில் இல்லாத பல மேல்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. கரகரப்பு என்று நாம் கேட்பது அவற்றைத்தான்.

இதிலிருந்து ஒரு விதி எழுகிறது. தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு சுரத்தை வாசித்தால் அது வீணையின் நீண்ட கார்வைபோல நின்று ஒலிக்கும். அடிப்படைச் சுரத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து இரண்டாக வாசித்தாலும் உறுதியாக இருக்கும். ஆறு கம்பிகளிலும் விரலை வைத்து முழுக் கார்டு வாசித்தாலோ, ஒவ்வொரு சுரமும் மற்றொன்றோடு மோதிப் புதிய ஓசைகளை எழுப்ப, எல்லாம் சேறாகிவிடும். கிழிந்த ஒலியில் அதிகம் சொல்ல இயலாது. குறைவாகச் சொன்னால் மட்டுமே அது தெளிவாகக் கேட்கும்.

இந்த விதியை என் உடம்பிலும் நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் என் குரல்நாணில் ஒரு சிறு கட்டி இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது. அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று ஆய்வும் சொன்னது. இரண்டு வாரங்கள் பேசக் கூடாது என்றார் மருத்துவர். வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பின்பு குரல் திரும்பியது; ஆனால் கரகரத்துத் திரும்பியது. மூன்று மாதம் கழிந்தபின், "இனி இதுதான் உங்கள் குரல்" என்று அவர் கனிவோடு சொன்னார். பேசுவதும் பாடுவதுமே வாழ்வாக இருந்தவனுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பாமாலைகளில் தாரத்தைத் தாங்கிப் பாடிய தொண்டை, நடுச்சுரத்திலேயே உடைந்தது. என் இடத்துக்கு வேறொருவரை அழைப்பதே முறையோ என்றுகூடப் பல இரவுகள் எண்ணினேன்.

கால்மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து பேச என்னால் முடியவில்லை. ஆகவே எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு வாரமும் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே மூச்சு வாங்கவேண்டியிருந்தது. இப்படிச் சில வாரங்கள் கழிந்தபின், எப்போதும் முன்வரிசையில் அமரும் முதிய தாயார் ஒருவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, முன்னால நீங்க மளமளன்னு சொல்லுவிய. இப்பந்தான் ஒவ்வொண்ணும் எனக்கு வெளங்குது" என்றார். ஆறுதல் சொல்லவேண்டும் என்று அவர் அதைச் சொல்லவில்லை. காது மந்தமான ஒருவர், தாம் கண்டதைச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அன்றோடு என் இரவுகள் மாறின.

இப்படிப்பட்ட காதோடும் இப்படிப்பட்ட தொண்டையோடும்தான் நான் ஃபஸ் பெடல்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சென்றேன். நண்பர்களிடமிருந்து மூன்றை இரவல் பெற்று, ஆளற்ற ஆலயத்தில் ஒரே கிட்டார், ஒரே ஆம்ப் கொண்டு, ஒரே பாடலின் ஒரே வரியை வாசித்தேன்.

முதலாவது, பிக் மஃப். நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் நிறுவிய எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் 1960களின் முடிவில் வெளியிட்ட பெடல் இது. நான்கு டிரான்சிஸ்டர்களும், அலையை இருமுறை வெட்டும் டயோடுகளும் கொண்டது. இதில் ஒரு சுரத்தை மீட்டினால் அது நெடுநேரம் சாகாமல் நிற்கும். தனியாக வாசிக்கும்போது அந்தச் செழுமை நெஞ்சை அள்ளியது. ஆனால் நான் மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் அது ஒரே பருமனோடு பதில் தந்தது. மேலும் அதன் இயல்பான ஒலியில் நடுப்பகுதி குழிந்திருக்கும். கிட்டார் வாழும் இடமே அந்த நடுப்பகுதிதான். கீபோர்டும் பாடகர்களும் சேர்ந்துகொண்டபோது, அத்தனை பெரிய ஓசை எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருந்தது.

இரண்டாவது, ஃபஸ் ஃபேஸ் வகையைச் சேர்ந்த ஜெர்மானியம் பெடல். 1966-இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் வெளியிட்டது. மைக் ஸ்டாண்டின் வட்ட அடிப்பாகத்தைப் பார்த்து அதன் உருவை அமைத்தார்கள் என்பார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்தது இதுவே. உள்ளே 2 டிரான்சிஸ்டர்கள் உட்பட 11 உதிரிபாகங்கள் மட்டுமே. இதை மிதித்துக்கொண்டே கிட்டாரின் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தேன். கரகரப்பு மெல்லக் கரைந்து, உள்ளிருந்த தெளிந்த நாதம் வெளியே வந்தது. விரலின் ஒவ்வொரு அழுத்தமும் கேட்டது. மூன்றிலும் மிக அழகியது எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆயினும் ஜெர்மானியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. வெப்பம் ஏற ஏற அதன் வழியே கசியும் மின்சாரம் கூடும். சுற்றின் சமநிலை குலையும். நெல்லைச் சீமையின் அக்கினி நட்சத்திர நாள்களில், குளிர்சாதனம் இல்லாத ஆலயத்தில், காலையில் கனிந்து ஒலித்த அதே பெட்டி நண்பகலில் விக்கித் திக்கி மூச்சடைத்தது. லண்டனின் குளிருக்கு ஏற்றது நம் வெயிலுக்கு ஏற்றதாயிருக்கவில்லை.

மூன்றாவது, அதே மின்சுற்றைச் சிலிக்கான் டிரான்சிஸ்டர்களால் அமைத்த பெடல். 1960களின் பிற்பகுதியில் ஃபஸ் ஃபேஸே சிலிக்கானுக்கு மாறியது. இதன் ஓசை சற்றுக் கூர்மையானது. சில வேளை முரட்டுத்தனமானது. ஜெர்மானியத்தின் கனிவு இதற்கு இல்லை. ஆனால் வால்யூம் குமிழைக் குறைத்தால் இதுவும் தணிகிறது. என் கையை மறைக்காமல் கேட்கச் செய்கிறது. மே மாத நண்பகலிலும் டிசம்பர் மாத இரவிலும் ஒரே சொல்லைச் சொல்கிறது.

நான் இதைத் தெரிந்தெடுத்தேன். இன்றுவரை ஆராதனையில் என் காலடியில் இருப்பது இதுவே. இரண்டு சுரங்களுக்குமேல் பெரும்பாலும் நான் வாசிப்பதில்லை.

வாங்கப் போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். கடையில் வேறொருவருடைய கிட்டாரில் கேட்டு மயங்காதீர்கள். உங்கள் கிட்டாரை எடுத்துச் செல்லுங்கள். முதலில் ஒரு சுரம், பின்பு இரண்டு, பின்பு முழுக் கார்டு என்று வாசியுங்கள். வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து மூன்றுக்கும் இறக்கிக் கேளுங்கள். பெடலின் குணம் அங்கேதான் வெளிப்படும். முடிந்தால் இரவல் வாங்கி, குழுவோடு சேர்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஃபஸ் ஃபேஸ் வகையானால் கிட்டாரை அடுத்து அதையே முதலாவதாக இணையுங்கள். நடுவே வேறு பெடல் வந்தால் அந்தத் தணியும் குணம் பெரிதும் கெட்டுவிடும். பழைய முறையில் அமைந்த ஜெர்மானியம் பெடல்கள் பலவற்றில் நேர்முனை தரையோடு இணைந்திருக்கும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் அவற்றைச் சேர்த்தால் குறுக்குச்சுற்று நேரும். அவற்றுக்கு 9 வோல்ட் மின்கலமே போதுமானது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவைத்தால் அது பல மாதங்கள் உழைக்கும். கடன் வாங்கி விலையுயர்ந்ததைத் தேடாதீர்கள். பதினொரு உதிரிபாகங்கள் கொண்ட சுற்றை, சால்டரிங் தெரிந்த ஒரு நண்பர் குறைந்த செலவில் செய்து தந்துவிடுவார்.

பிரியமானவர்களே, பெடலையோ கிட்டாரையோ அறியாத உங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றேன். உங்களில் சிலருக்குக் குரல் அல்ல, வேறொன்று கரகரத்துப் போயிருக்கலாம். முன்புபோல் நடக்க முடியாத கால், முன்புபோல் சமைக்க முடியாத கை, ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவரத் தடுமாறும் மனம். பழைய தெளிவு திரும்பவேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயமே, நானும் கேட்டேன். அது திரும்பாத வேளையில், உங்களிடம் எஞ்சியிருப்பதில் எந்த இரண்டு சுரங்களை வாசிக்கலாம் என்று இவ்வாரம் எண்ணிப் பாருங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு குவளை காப்பி, பேரப்பிள்ளைக்கு ஒரு கதை. அவ்வளவு போதும். அதற்காகவே காத்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டு முன்வரிசையிலும் இருப்பார்.

அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.