குட்டிப் பேய்னு கூப்பிடலாமா?

"ஏய் குட்டிப் பேயே... சாப்பிட வா!"

விழிதியூரில் அந்த வீட்டில் தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்கிற குரல் இது. கூப்பிடுவது அப்பாயி. ஓடி வருகிறவளுக்கு வயது ஆறு. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் பறக்கிறவளுக்கு அப்பாயி ஆசையாய் வைத்த பெயர். ஆதார் கார்டில் இருக்கிற பெயரைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

சிக்கல் பள்ளிக்கூட வாசலில் வந்தது. பேத்தியை அழைத்துவரப் போன அப்பாயி வழக்கம்போலக் குரல் கொடுத்துவிட்டார். மறுநாள் வகுப்பே அவளை அப்படிக் கூப்பிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"இனிமே அந்தப் பேரு வேணாம் அத்தை. பொம்பளப் புள்ளையப் போயி பேய்னா கூப்பிடுவாங்க?" என்றார் மருமகள்.

"காரைக்கால்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்குறியே? நம்ம அம்மையாரே தனக்கு அந்தப் பேரைத்தான் வெச்சுக்கிட்டாங்க!"

வீம்புக்குச் சொன்னாலும் விஷயம் சரிதான். காரைக்கால் அம்மையாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் புனிதவதி. ஆனி மாத மாங்கனித் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு மாம்பழக் கதை தெரியும். அதன் பிற்பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மனைவியைத் தெய்வமென்று அஞ்சிப் பிரிந்த பரமதத்தன், பாண்டிய நாட்டில் வேறு திருமணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். அந்தக் குழந்தையோடு வந்து அம்மையார் காலில் விழுந்தான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அம்மையார் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். தன் பதிகங்களில் அம்மையார் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றுதான் குறிப்பிடுகிறார். பின்னால் வந்த சுந்தரர் அந்தப் பேயோடு ஓர் 'ஆர்' விகுதி சேர்த்து, 'பேயார்' என்று மரியாதையாக்கினார். கயிலையில் சிவன் அழைத்ததோ 'அம்மையே' என்று. பெயர் ஒன்று, கூப்பிடுகிற வாய் வேறு வேறு.

முன்பெல்லாம் பிள்ளை தங்காத வீடுகளில் பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். பிச்சை என்றும் வைப்பதுண்டு. கண் படக் கூடாது, எமன் சீண்டக் கூடாது என்ற பயம். அசிங்கமான பெயருக்குள் அத்தனை ஆசை இருந்தது. இப்போது தடுப்பூசி இருக்கிறது. குட்டிப்பிசாசு, அறுந்த வாலு எல்லாம் வெறும் கொஞ்சலாக மிஞ்சிவிட்டன.

ஆனாலும் மருமகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அம்மையார் அந்தப் பெயரைத் தானே கேட்டு வாங்கினார். ஆறு வயதுக்காரியிடம் யாரும் கேட்கவில்லை. கொல்லையில் கொஞ்சலாக இருந்தது வகுப்பறையில் கேலியாகிவிட்டது. அங்கே 'ஆர்' சேர்க்க சுந்தரர் யாரும் இல்லை.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அப்பாயி ஆதார் கார்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்புடி கூப்புடாத அப்பாயி."

"பின்ன எப்புடிடி கூப்புடறது?"

"குட்டிப் பேய்னே கூப்புடு. ஆனா ஸ்கூல் பக்கம் வந்து கூப்புடாத."