அலையைத் தேடி அத்திலாந்திக் கரையோரம்

கடலைக் காணச் செல்வோர் பலர். கடலிலே நல்லதோர் அலையைக் காணவேண்டும் என்பதற்காகவே ஊர் ஊராக அலைவோரும் உளர். ஐரோப்பாவின் மேலைக் கரையில், பிரான்சின் ஜிரோந்து ஆற்றுமுகம் தொடங்கிப் போர்த்துக்கலின் தென்மேற்கு முனையான சாக்ரெஸ் வரை, இலையுதிர் காலத்தில் இத்தகையோரை வழியெங்கும் காணலாம். சிலர் துவிச்சக்கரவண்டியின் பக்கத்தில் நீண்ட பலகையைக் கட்டிக்கொண்டு மிதித்துச் செல்வர். பலர் வான்களிற் செல்வர். அவர்களுக்கு வண்டியே வீடு, வண்டியே அடுக்களை. அலைச்சறுக்கு என்னும் விளையாட்டுக்காக இவர்கள் படும் பாடு கொஞ்சமன்று.

2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் இத்தகைய ஒரு குழுவோடு ஐந்து வாரம் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. குழு என்றால் மூவர். போர்தோ நகரில் வாழும் என் தமக்கையின் மகன், அவனுடைய பிரெஞ்சு நண்பர் ஒருவர், அடியேன். நண்பர் வானைச் செலுத்தினார். மருமகன் சமதரை உள்ள இடமெல்லாம் துவிச்சக்கரவண்டியிற் சென்றான். நான் வானின் முன்னாசனத்தில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பலகையில் ஏறும் எண்ணம் எனக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

பயணம் தொடங்கியது சுலாக் என்னும் சிற்றூரில். ஜிரோந்து ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே உள்ளது அவ்வூர். ஆற்றுமுகத்தின் நடுவே, கரைக்கு அப்பால், கோர்துவான் வெளிச்சவீடு அரண்மனைபோல் நிற்கின்றது. 1584இல் இதன் வேலையைத் தொடங்கியவர் லூயி த ஃபுவா என்னும் பொறியியலாளர். வேலை முடிந்தது 1611இல். இன்றும் அது ஒளி வீசுகின்றது. இந்தப் பொறியியலாளரின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. தெற்கே அவரை மறுபடியும் சந்திப்போம்.

சுலாக்கில் மருமகன் எனக்குக் காட்டிய முதற்காட்சி ஒரு வெற்றிடம். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளின் பிற்பகுதியில் அங்கே எழுபத்தெட்டு வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அன்று அதற்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு மீற்றர் மணற்பரப்பு இருந்ததாம். கடல் ஆண்டுதோறும் மணலைத் தின்று தின்று அருகே வந்தது. 2014இல் குடியிருந்தோர் யாவரும் வெளியேற்றப்பட்டனர். 2023இல் கட்டடமே இடிக்கப்பட்டது. கடல் வந்து இடிக்குமுன் மனிதர் தாமே இடித்துக்கொண்டார்கள். ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிக் கடற்காட்சியுள்ள வீடு வாங்கியவர்களின் மனநிலையை எண்ணிப் பார்த்தேன்.

சுலாக்கிலிருந்து தெற்கே அதூர் ஆற்றின் முகம் வரை இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரே மணற்கரை. கரையை அடுத்துப் பைன் மரக்காடு. இக்காடு இயற்கையாக வளர்ந்ததன்று. முன்னாளில் இப்பிரதேசம் சதுப்பு நிலம். இடையர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு அதில் நடந்து மந்தை மேய்த்தனர். 1857இல் வந்த ஒரு சட்டத்தின் பின்னர் நிலம் வடிக்கப்பட்டு மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. இன்று அக்காட்டினூடே துவிச்சக்கரவண்டிகளுக்கென்றே பாதை செல்கின்றது. வடக்கே ரொஸ்கோஃப் துறைமுகத்திலிருந்து ஸ்பெயின் எல்லைவரை ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடும்பாதையின் ஒரு பகுதி அது. பைன் ஊசிகள் உதிர்ந்து கிடக்கும் அப்பாதையில் மருமகன் நாளொன்றுக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் சென்றான். பக்கக் காற்று வீசினால் மட்டும் பலகை பாய்மரமாகிவிடும். வண்டியை இறங்கி உருட்டவேண்டியதுதான். வானிற் செல்பவன் இக்காட்டின் வாசனையைக்கூட அறியமாட்டான் என்பது என் கட்சி.

மணற்குன்றுகளின் உச்சியில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜெர்மானியர் கொங்கிறீற்று அரண்கள் கட்டினர். இன்று அவற்றுட் பல கடற்கரையிலே தலைகீழாய்ச் சரிந்து கிடக்கின்றன; சில அலைக்குள்ளேயே கிடக்கின்றன. அரண்கள் நகரவில்லை, கரைதான் அவற்றைவிட்டுப் பின்வாங்கிற்று. இக்கரையில் மணல் ஓயாமல் நகர்கின்றது. வற்றும்போது கரையோரம் குளம்போல நீர் தேங்கும் பள்ளங்கள் தோன்றும். ‘பாயின்’ என்பது அவற்றுக்கு அவ்வூரார் இட்ட பெயர். பார்வைக்குப் பிள்ளைகள் விளையாடத்தக்க அமைதியான நீர். ஆனால் வற்றுப்பெருக்கு மாறுகையில் அந்நீர் ஒரு வாய்க்கால் வழியே கடலை நோக்கிச் சீறிப் பாயும்; ஆளையும் இழுத்துச் செல்லும். ஆண்டுதோறும் இதனால் உயிர்கள் போகின்றன. நம் நாட்டுக் கரைகளிலே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. அங்கோ நான்கு மீற்றரையும் தாண்டுவதுண்டு. ஆகவே வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பாராமல் எவரும் கடலில் இறங்குவதில்லை.

அலை எங்கிருந்து வருகின்றது என்று நான் ஒருநாள் கேட்டேன். கிறீன்லாந்துக்குத் தெற்கே, நியூபவுண்லாந்துக்குக் கிழக்கே, இலையுதிர் காலத்தில் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகும். அங்கு வீசும் புயற்காற்று கடலைக் கடைந்து எழுப்பும் அலை, காற்றை விட்டு நீங்கித் தானே பயணப்படும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே பதினைந்து வினாடி இருக்குமாயின் அவ்வலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும்; நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீற்றர். ஆகவே புயல் எழுந்த இரண்டு, மூன்று நாட்களின் பின், காற்றே இல்லாத தெளிந்த காலையில், கரையிலே அலை வந்து நிற்கும். வானிலைப் படத்தைப் பார்த்து மருமகன் நாட்கணக்குச் சொல்வான், பெரும்பாலும் தவறுவதில்லை.

“அப்படியானால் எல்லாக் கரையிலும் ஒரே அலைதானே வரவேண்டும்? ஏன் இப்படி ஓடித் திரிகிறாய்?” என்றேன்.

“மாமா, அலை கடலிலை வாறதுதான். ஆனால் அதின்ரை வடிவம் மண்ணுக்குள்ளைதான் இருக்கு. நாளைக்கு ஹொசெகோரிலை பாருங்கோ” என்றான்.

பார்த்தேன். ஹொசெகோர், அதை அடுத்த காப்ப்ரெத்தோன் ஆகிய ஊர்களுக்கு நேரே, கரையிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்திலேயே கடலடியில் ஓர் ஆழ்பள்ளத்தாக்குத் தொடங்குகின்றது. ஆழமற்ற நீரில் அலை தளர்ந்து வலுவிழக்கும். பள்ளத்தாக்கின்மேல் வரும் அலையோ தளராது. கரையை அண்மித்ததும் திடீரென மணல்மேட்டில் இடறிச் சுவர்போல எழுந்து, உள்ளே குடைந்துகொண்டு மறியும். அந்தக் குடைவினுள்ளே புகுந்து வெளிவருவதே இவ்விளையாட்டில் பெரும்பேறு. அயலூரில் இடுப்பளவு அலை இருந்த அன்றே இங்கே ஆளுயரத்தை மீறிய அலை எழுந்தது.

முற்காலத்தில் அதூர் ஆறு இப்பகுதியிலேதான் கடலைச் சேர்ந்தது. அதன் வாய் மணலால் அடைபட்டும் இடம் மாறியும் வந்ததால் பயோன் நகர வாணிகம் நலிந்தது. 1578இல் ஆற்றைப் பயோனுக்கு நேரே கடலுக்குத் திருப்பினார் ஒரு பொறியியலாளர். அவரே நம் லூயி த ஃபுவா. பயோன் பிழைத்தது, காப்ப்ரெத்தோன் துறைமுகம் ஆற்றையிழந்து சுருங்கிற்று.

பியாரிட்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரசரும் சீமான்களும் உலாவிய ஊர், இன்றும் விலைவாசி சீமான்களுக்கே ஏற்றது. எனினும் ஐரோப்பாவில் இவ்விளையாட்டு வேரூன்றிய இடம் அதுதான். 1957 அளவில், ஹெமிங்வேயின் நாவலொன்றைப் படமாக்க வந்த குழுவோடு தொடர்புடைய பீற்றர் வியெற்றல் என்னும் கதாசிரியரின் பலகையைக் கண்டு உள்ளூர் இளைஞர் பித்தாயினர். 1959இல் சங்கமும் அமைத்துவிட்டனர்.

எல்லை தாண்டியதும் மலை. துவிச்சக்கரவண்டி வானுக்குள் ஏறிற்று. பாஸ்க் நாட்டுத் தெருக்கள் கடலுக்கு இறங்குவதும் வானுக்கு ஏறுவதுமாக இருந்தன. கெர்னிக்கா நகரை மழையிலே கடந்தோம். 1937 ஏப்பிரல் 26இல் விமானக் குண்டுகளால் அழிக்கப்பட்ட நகர் அது. அங்கிருந்து ஓக்கா ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிச் சென்றால் முந்தாக்கா வரும்.

முந்தாக்கா சிறிய மீன்பிடி ஊர். கடலை நோக்கிய கோவில், கையளவு துறைமுகம், சில உணவுக்கடைகள். அலைச்சறுக்காளரோ அவ்வூரின் பெயரைச் சற்றுப் பயபக்தியோடுதான் சொல்வர். ஆறு கொண்டுவந்து குவித்த மணல்மேட்டின்மேல் இடப்புறமாக உருண்டு செல்லும் நீண்ட அலை ஒன்று அங்கு உண்டு. அதைப்போல் இன்னொன்று ஐரோப்பாவில் இல்லை என்பர். 2003 அளவில், கழிமுகத்தின் உட்புறத்திலிருந்த கப்பல் கட்டும் தளத்திலிருந்து கப்பல் வெளியேற வழிசெய்வதற்காக, ஆற்றிலிருந்து பெருமளவு மணல் தோண்டப்பட்டது. தோண்டிய இடத்தை நிரப்ப ஆறு மேட்டிலிருந்த மணலை இழுத்துக்கொண்டது. மேடு குலைந்தது; 2005அளவில் அலையே இல்லாமற் போயிற்று. அங்கு நடைபெற்றுவந்த உலகப் போட்டி இரத்தாயிற்று. குளிர்காலத்தில் அலை பார்க்க வருவோரை நம்பியிருந்த விடுதியும் கடையும் வெறிச்சோடின. 1984இலேயே உலக உயிரினக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கழிமுகத்தில் இது நிகழ்ந்தது என்பதுதான் வியப்பு. பின்பு ஆறு தானே மெல்ல மெல்ல மணலைச் சேர்த்தது, அலை திரும்பிற்று. எல்லா இடத்திலும் இயற்கை இவ்வளவு பொறுமை காட்டும் என்று சொல்வதற்கில்லை.

நாங்கள் அங்கு நான்கு நாள் காத்திருந்தோம். மூன்று நாள் மழை. வானின் கூரையில் மழை விழும் ஓசையும், காயாத இறப்பர் உடையின் நாற்றமும், ஒரே பானையில் மூன்று வேளைச் சோறும். நாலாம் நாட்காலையில் மருமகன் சொன்னபடியே வந்தது. கோவிலின் பக்கச்சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு மணிநேரம் பார்த்தேன். மணற்றரையில் வரையப்பட்ட கோட்டின்மேல் செல்வதுபோல ஒவ்வோர் அலையும் ஒரே இடத்தில் எழுந்து, ஒரே வழியிற் சென்று, ஒரே இடத்தில் அடங்கிற்று. நீரிலே முப்பது, நாற்பது பேர் வரிசையில் இருந்தனர். உள்ளூரார்க்கே முதலிடம், வந்தவர் பொறுத்திருக்கவேண்டும். என் மருமகனுக்குக் கிட்டியவை இரண்டே அலைகள். அந்த இரண்டைப்பற்றி அவன் கலிசியா சேரும்வரை பேசிக்கொண்டே வந்தான்.

கலிசியாவின் கரைக்கு ‘மரணக் கரை’ என்றே பெயர்; அத்தனை கப்பல்கள் அங்கு உடைந்துள்ளன. 2002 நவம்பரில் ‘பிறெஸ்ரீஜ்’ என்னும் எண்ணெய்க் கப்பல் அக்கரைக்கு அப்பால் உடைந்து மூழ்கி, அறுபதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலிற் கலந்தது. ஆயிரமாயிரம் தொண்டர்கள் வெறுங்கையாலும் அள்ளினர். இன்று பாறைகள் சுத்தமாகத்தான் தோன்றுகின்றன.

போர்த்துக்கலில் நான் பேசமுடிந்த மொழி வந்தது. நகைக்க வேண்டாம். பாண், மேசை, கதிரை, யன்னல், சப்பாத்து, அலுமாரி ஆகிய இவ்வளவும் அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். வெதுப்பகத்தில் ‘பாண்’ என்று கேட்டேன். மூக்கொலியைச் சற்றுத் திருத்திவிட்டுக் கடைக்கார மூதாட்டி பாணையே தந்தார். 1505இல் கொழும்புக்கு வந்ததும், 1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கியதும் இந்தக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்களே என்ற நினைவோடுதான் அந்தப் பாணை உண்டேன். பாண் நன்றாகவே இருந்தது.

நசரே ஊருக்குள் நுழைந்ததும் மணலில் கம்பி வலைகளின்மேல் மீன்களைப் பிளந்து விரித்துக் காயவைத்திருக்கும் பெண்களைக் கண்டேன். கருவாடு! நமது கரையோரம் போலவே கணவாயும் இருந்தது. ஊருக்கு வடக்கே நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த செங்குத்துப் பாறை. அதன் முனையில் கோட்டையும் வெளிச்சவீடும். அங்கிருந்து கீழே தெரிவது வடகரை. கடலடியில் ஐயாயிரம் மீற்றர் வரை ஆழ்ந்து செல்லும் நசரேப் பள்ளத்தாக்கு, இம்முனைக்கு அருகிலேயே முடிகின்றது. பள்ளத்தாக்கின் வழியே விரைந்து வரும் அலை, பக்கத்து ஆழமற்ற பரப்பில் மெதுவாக வரும் அலையோடு முனையருகே கலந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 2011இல் கரெற் மக்னமாரா 23.77 மீற்றர் உயர அலையிற் சறுக்கினார். 2017இல் றொட்ரிகோ கொக்சா 24.38 மீற்றர், 2020இல் செபஸ்தியன் ஸ்ரொய்ட்னர் 26.21 மீற்றர். மாயா கபெயிரா என்னும் பிரேசில் பெண்மணி 2013இல் இங்கு மூழ்கி உயிர் போகும் நிலையில் மீட்கப்பட்டார். 2020இல் அதே கரையில் 22.4 மீற்றர் அலையைக் கடந்தார். 2023 ஜனவரியில் வேறொரு பிரேசில் வீரர் இங்கே உயிரிழந்தார்.

நாங்கள் சென்ற அன்று கடல் அமைதியாக இருந்தது. கோட்டை மதிலில் நின்றோர் ஏமாற்றத்தோடு திரும்பினர். ஊர்ப் பெண்களுக்கு அதில் ஏமாற்றம் இல்லை. கருமை உடுத்திய மூதாட்டிகள் இன்னும் சிலர் அங்கு உள்ளனர். துறைமுகம் இல்லாத காலத்தில், அலை மறிக்கும் கரையிலிருந்தே படகுகளைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் கடலுக்குப் போனார்கள், திரும்பாதவர் பலர். பேரலை இவ்வூருக்குப் பணம் கொண்டுவரத் தொடங்கியது நேற்று. அதற்குமுன் அது கொண்டுசென்றவற்றின் கணக்கு நீண்டது.

பெனிச், எரிசெய்ரா ஆகியவற்றை விரைவாகக் கடந்தோம். எரிசெய்ராவின் கரை 2011இல் ஐரோப்பாவின் முதலாவது உலக அலைச்சறுக்குக் காப்பிடமாக ஏற்கப்பட்டது. போர்த்துக்கலின் கடைசி மன்னர் 1910 ஒக்டோபர் 5இல் நாட்டைவிட்டுக் கப்பலேறியதும் அங்கிருந்துதான்.

தெற்கே செல்லச் செல்ல வான்கள் பெருகின. கடலோரம் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி உறங்குவோர் விட்டுச்செல்லும் குப்பையால் ஊரார் வெறுப்படைந்தனர். 2021இல் சட்டம் இறுகிற்று. இன்று காப்புப் பிரதேசங்களில் இராத்தங்குவது தடை. எங்கள் நண்பர் ஒவ்வோர் இரவும் கட்டணம் செலுத்தித் தரிப்பிடங்களிலேயே தங்கினார். நம்மூர் அறுகம்பையில் இருமுறை தங்கியவர் அவர். கோடையில் இக்கரையில் அலை அடங்கும்போது அங்கு வந்துவிடுவாராம். அங்கும் மணலை அள்ளுகிறார்களா என்று என்னைக் கேட்டார்.

சாக்ரெஸ் முனையில் தெரு முடிகின்றது. பாறை விளிம்பில் நீண்ட தூண்டில்களோடு மீன்பிடிப்போர் நிற்கின்றனர்; கீழே பார்த்தால் தலை சுற்றும். முனையின் மேற்கே கடல் கொந்தளித்தது. தெற்கே குளம்போற் கிடந்தது. மருமகன் வானிலைப் படத்தைப் பார்த்தான். புதன்கிழமை வருமென்றான். அன்று திங்கள். எனக்குக் கல்லூரி திறந்துவிட்டது. செவ்வாய்க் காலை லாகோஸ் செல்லும் பேருந்தில் ஏறினேன். அவன் பலகைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான்.