ரிலே விடமாட்டேங்குது

பாப் பீஸ் என்ற பெயரை எங்கே கண்டாலும் எனக்குச் சின்னாளப்பட்டிக் கடைவீதிதான் ஞாபகத்துக்கு வரும். அவர் அமெரிக்காவில் நேஷனல் செமிகண்டக்டரில் இருந்த அனலாக் எஞ்சினியர். எங்கள் ஊரோ தறியும் சுங்குடிச் சேலையும். நடுவில் இருந்தது அந்தக் கம்பெனி ஐசிகளின் விவரம் அடங்கிய ஒரு டேட்டா புக்.

ரேடியோ ரிப்பேர் அண்ணன் சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கி வந்தது. அட்டை பிய்ந்து, பக்கமெல்லாம் பற்றவைத்த ஈயச் சொட்டு. விளக்கு வைக்கிற நேரம் வோல்டேஜ் படுத்துவிடும் என்பதால் அண்ணனுக்கு ஸ்டெபிலைசர் வேலை ஓயாது. எல்எம்324 ஐசி போட்டு அவரே ஒன்று கட்டினார். ரிலே பிடித்தது, விடவே இல்லை. ஐசியை மாற்றினார், ரிலேயை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் புத்தகத்தைப் புரட்டினால் விஷயம் அதிலேயே இருக்கிறது: இந்த ஐசியின் அவுட்புட் சப்ளை வரைக்கும் ஏறாது, சுமார் ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். 12 வோல்ட்டில் எமிட்டரை வைத்து ரிலேயை ஓட்டும் பிஎன்பி டிரான்சிஸ்டர் அணைய அது போதாது. என்பிஎன் போட்டு, இன்புட் இரண்டையும் இடம் மாற்றியதும் ரிலே டக்கென்று விட்டது.

“எங்க முடியாதுன்னு செஞ்சவனே எழுதி வச்சிருக்கான் பாரு தம்பி” என்றார் அண்ணன்.

தறிக்கு அச்சுக் கட்டித் தருகிற பெரியவரும் தான் செய்ததற்குப் பொறுப்பேற்கிற இந்த ரகம்தான். சேலையில் நீளவாக்கில் கோடு விழுகிறது என்று சொன்னால் வீட்டுக்கே வருவார். பாவைத் தடவிப் பார்த்து, வளைந்த பல்லைத் தேடிப் பிடித்து நிமிர்த்திவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

பீஸ் அப்படிப்பட்ட மனுஷன். பத்திரிகையில் பத்தி எழுதி, கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று முகவரியும் கொடுப்பார். கம்ப்யூட்டர் சிமுலேஷனை நம்பவே மாட்டார். பற்றவைத்து, அளந்து பார் என்பதே அவர் கட்சி. லீனியர் டெக்னாலஜியின் ஜிம் வில்லியம்ஸும் அதே ரகம். அவர் எழுதிய அப்ளிகேஷன் நோட்டுகளில் சர்க்யூட், அலைவடிவப் போட்டோ எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கார்ட்டூன் இருக்கும். ஒயர் குப்பை மலிந்த அவர் வேலை மேசையை அவர் இறந்த பிறகு கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

சிக்னெடிக்ஸ் என்ற ஐசி கம்பெனியின் கதை இன்னும் அருமை. அங்கே 1972இல் விளையாட்டாக 25120 என்று ஒரு மெமரிக்கு டேட்டா ஷீட் தயாரித்தார்கள். எழுதத்தான் முடியும், திரும்பப் படிக்க முடியாது! சாக்கெட்டில் எத்தனை முறை செருகினால் எத்தனை கால் மிஞ்சும் என்று ஒரு கிராப் வேறு. ஐசி காலை ஒடித்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கிராப் தோன்றும். அந்தச் சிரிப்பும், அடுத்தவன் ரிலே ஏன் விடவில்லை என்று உட்கார்ந்து பார்க்கிற பொறுமையும் ஒரே மேசையில் வளர்ந்தவை என்றே நம்புகிறேன்.

2011 ஜூனில் வில்லியம்ஸ் போனார். அவருக்கான நினைவுக் கூட்டத்திலிருந்து தன் பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலில் திரும்பும்போது விபத்தில் பீஸும் போனார். அதே ஆண்டு நேஷனல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோடு சேர்ந்தது. 2017இல் லீனியர், அனலாக் டிவைசஸோடு.

எல்எம்324 இன்னும் விற்கிறது. ஒன்றரை வோல்ட் விஷயமும் டேட்டா ஷீட்டில் அப்படியே இருக்கிறது. எழுதிக் கேட்டால் பெயர் போட்டுப் பதில் எழுதுகிற மேசைக்காரர்கள்தான் குறைந்துவிட்டார்கள். உதிரிபாகம் விற்கிற ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒருவரையாவது சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.