கோச்சி யாருக்கு?

இலங்கையின் மலைநாட்டுப் புகையிரதப் பாதை மனிதரை எண்ணி அமைக்கப்பட்டதன்று. 1867 இல் கண்டியை எட்டிய தண்டவாளம் கோப்பி மூட்டைகளை நாடி வந்தது. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைப் பெட்டிகளை நாடி மேலும் ஏறியது. 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா, 1924 இல் பதுளை என அது ஏறிய வரலாறு, பெருந்தோட்டப் பொருளாதாரம் மலையேறிய வரலாறேயாகும். அதனை அமைத்த உழைப்பில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் பங்கு பெரிது. ஆயினும் அவர்கள் அதன் பயணிகளாகக் கருதப்பட்டனரா என்பது வேறு கேள்வி. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட குடும்பங்களைத் தலைமன்னாரை நோக்கி ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். ஒரு போக்குவரத்துச் சாதனத்துக்கு மக்கள் இடும் பெயரிலேயே அதன் சமூக வரலாறு அடங்கிவிடுவதுண்டு.

எனினும் தேயிலைக்காகப் போடப்பட்ட அப்பாதை இன்று மக்களுக்கு வேறெதனையும்விடப் பொருத்தமாக அமைந்திருக்கின்றது. இதற்குக் காரணம் பொறியியல். உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லு உருளும்போது உராய்வு குறைவு; சமதரையில் அது பெரும் இலாபம், ஏற்றத்திலோ அதுவே தடை. ஆகவே மலைநாட்டுப் பாதையின் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி என்ற எல்லையைத் தாண்டாதவாறு அமைக்கப்பட்டது. அவ்வெல்லையைக் காப்பதற்காகப் பாதை குன்றுகளைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. தெமோதரையில் தன்னையே வளைத்து, தான் கடந்த நிலையத்தின் கீழாகவே குகையினூடு புகுந்து வெளிவருகிறது. இவ்வாறு சரிவுகளின் இடுப்பைத் தழுவிச் செல்வதனால் அது தொடாத பள்ளத்தாக்கு இல்லை எனுமளவுக்கு ஊர்களைத் தொட்டுச் செல்கின்றது. கெலிஓயா, கம்பளை, உலப்பனை, நாவலப்பிட்டி, ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று நிலையங்களின் பெயரை அடுக்கினால், சனத்தொகை செறிந்த இடங்களின் அட்டவணையே கிடைத்துவிடும். மறுபுறம் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம வழியாக மாத்தளை செல்லும் கிளைப்பாதையும் அத்தகையதே.

கண்டி நகரின் அமைப்பை நோக்குவோர்க்கு இதன் பெறுமதி எளிதில் விளங்கும். நாற்புறமும் குன்றுகள், நடுவே ஏரி, உள்ளே வருவதற்குச் சில ஒடுங்கிய வாயில்கள். பகைவரைத் தடுப்பதற்கு உகந்ததாக மன்னர்கள் தெரிந்த இடம் இன்று தன் சொந்தக் குடிகளையே காலையிலும் மாலையிலும் தடுத்து நிறுத்துகின்றது. அக்கிண்ணத்துள் தேங்கும் வாகனப் புகை காற்றில் கலைந்து போவதற்கும் வழியில்லை. 1988 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட நகரில் வீதியை அகட்டுவதாயின் ஒன்றில் பழைய கட்டடங்களை இடிக்க வேண்டும், அன்றேல் மலையை வெட்ட வேண்டும். முன்னதை மரபு தடுக்கிறது. பின்னதை மழை தண்டிக்கிறது. ஐம்பது ஆசனங்கள் கொண்ட பத்துப் பேருந்துகள் வீதியில் பிடிக்கும் இடத்தையும், அத்தனை பேரையும் ஏற்றிய ஒரு தொடர் வண்டி ஒற்றைத் தண்டவாளத்தில் பிடிக்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை.

வீதியின் ஆபத்து நெரிசலோடு முடிவதன்று. 2025 மே மாதத்தில் கொத்மலைப் பகுதியின் கரண்டிஎல்லவில் பள்ளத்தில் வீழ்ந்த பேருந்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்லப் பகுதியில் நிகழ்ந்த விபத்திலும் பலர் இறந்தனர். சாரதியைக் குறைகூறுவது எளிது. மக்களின் அன்றாடப் போக்குவரத்து முழுவதையும் செங்குத்தான வளைவுகளில் ஏற்றிவைத்த கொள்கையை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை.

வட்டகொடைத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்குப் படிக்க வரும் மாணவி ஒருத்தியை நினைத்துப் பார்க்கலாம். அவளது லயத்து வாசலிலிருந்தே தண்டவாளம் தெரியும். பல்கலைக்கழகத்தின் அருகே சரசவி உயன என்று ஒரு நிலையமே உண்டு. இரு முனைகளிலும் தண்டவாளம் இருக்க, விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் தாய் சொல்வது யாது? "கோச்சிய நம்பிப் போவாத புள்ள, பஸ்ஸப் புடிச்சுப் போயிரு." இச்சொல்லில் வெறுப்பு இல்லை, அனுபவம் இருக்கிறது. நாளுக்குச் சில வண்டிகள். ஒன்று தவறினால் மணிக்கணக்கில் காத்திருப்பு. வரும் வண்டியும் நேரத்துக்கு வரும் என்ற உறுதியில்லை. தூரப் பயணிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் ஏற்ப வகுக்கப்பட்ட நேர அட்டவணையில், ஹற்றனிலிருந்து கம்பளைக்கு வேலைக்குச் செல்பவனுக்கோ வட்டகொடையிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவளுக்கோ இடமில்லை.

சுவிற்சர்லாந்தும் மலைநாடுதான். அங்கு 1982 இல் செய்யப்பட்ட மாற்றம் பெரும்பாலும் காகிதத்தில் செய்யப்பட்டது என்றே சொல்லலாம். நாடெங்கும் வண்டிகள் மணிக்கொரு முறை ஒரே நிமிடத்தில் புறப்படும் அட்டவணை வகுக்கப்பட்டது. மலைக் கிராமங்களுக்குச் செல்லும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் வண்டி வரும் நேரத்தில் நிலைய வாசலில் நிற்கின்றன. அங்கும் மலைப்பாதைகளில் வண்டி விரைந்து பறப்பதில்லை. ஆனால் எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேகத்தைக் கூட்டுவதற்கு மலைநாட்டு வளைவுகள் இடங்கொடா. எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு அவை தடையல்ல. ரம்புக்கனைக்கு மேல் ஒற்றைப் பாதையாகையால் எதிரெதிர் வண்டிகள் நிலையங்களிலேயே விலக வேண்டியிருக்கிறது. விலகுமிடங்களை அதிகரித்து, சமிக்ஞை முறையைச் சீர்செய்து, நாவலப்பிட்டிக்கும் மாத்தளைக்கும் இடையே கண்டியை நடுவாகக் கொண்டு சிறு தொடர்களை அடிக்கடி ஓடவிடுவது அசாத்தியமானதன்று. இ.போ.ச. பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் புகையிரதத்தோடு போட்டியிடாமல் நிலையத்திலிருந்து தோட்டங்களுக்கு ஓடுமாயின் அவற்றின் வருவாய் குறைய வேண்டிய நியாயமும் இல்லை.

எதிர்வாதங்கள் உண்டு. புகையிரதத் திணைக்களம் நட்டத்தில் இயங்குகின்றது என்பர், உண்மை. வீதிக்குச் செலவாகும் பணத்தை எவரும் 'நட்டம்' எனக் கணக்கெழுதுவதில்லை என்பதும் உண்மை. நிலையத்திலிருந்து பல மைல் தள்ளியிருக்கும் தோட்டங்களுக்குத் தண்டவாளத்தால் என்ன பயன் என்ற கேள்வி கனமானது. அங்கு பேருந்தன்றி வழியில்லை. ஆனால் ஒருகாலத்தில் அத்தகைய இடங்களுக்கும் புகையிரதம் சென்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒடுங்கிய பாதையொன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. லொறியும் பேருந்தும் வந்ததும் அது பயனற்றதெனக் கருதப்பட்டு, 1940 களில் முற்றாகக் கைவிடப்பட்டது. இன்று நுவரெலியா நகருக்குப் புகையிரதம் இல்லை. நானுஓயாவில் இறங்கி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் வீதியால் செல்ல வேண்டும். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் அவ்வீதியின் நிலையைக் கண்டவர்கள், 'பயனற்றது' என்று தீர்ப்பளித்தவர்களை அவ்வளவு எளிதில் மன்னிக்கமாட்டார்கள்.

இவையெல்லாம் ஆறுதலாக விவாதிக்கத்தக்க விடயங்களாகவே இருந்திருக்கும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்திராவிடின். அம்மழையில் மலைநாட்டின் வீதியும் தண்டவாளமும் ஒருங்கே பெயர்ந்தன. பாதை பல இடங்களில் மண்சரிவால் துண்டிக்கப்பட்டது. மலை எவருக்கும் சலுகை காட்டவில்லை. ஆகவே புகையிரதம் ஆபத்தற்றது என்று வாதிடுவது பொருந்தாது. பெயர்ந்ததைத் திரும்ப அமைக்கும்போது எதற்கு முதலிடம், யாருக்காக என்பதே கேள்வி. நிவாரணக் காலத்தில் பணம் வீதிகளுக்கே முதலில் பாய்வது இயல்பு. வீதிக்குப் பேசுவதற்கு வாகன உரிமையாளரும் ஒப்பந்தகாரரும் அரசியல்வாதிகளும் இருக்கின்றனர். தண்டவாளத்துக்காகப் பேசுவோர் பெரும்பாலும் சுற்றுலாத் துறையினரே. ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது நீல வண்டி ஊர்ந்து செல்லும் காட்சி அவர்களுக்குப் போதும். பருவச்சீட்டு வைத்திருப்பவனின் காலை நேரம் அவர்களது விளம்பரங்களில் வருவதில்லை. கண்டியில் எட்டு மணிக்குக் கையெழுத்திட வேண்டிய எழுதுவினைஞரும், பேராதனை வைத்தியசாலைக்கு வரும் நோயாளியும், வட்டகொடை மாணவியும் ஒன்றுகூடி எந்த அமைச்சுக்கும் மனு அனுப்பியதாகத் தெரியவில்லை. பல்கலைக்கழக மாணவர் அமைப்புகள் விடுதிக் கட்டணத்துக்கும் உணவு விலைக்கும் அனுப்பும் மனுக்களோடு இதையும் சேர்த்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. வேண்டுவது கண்டிக்கு எட்டு மணிக்கு முன் நாவலப்பிட்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் அரைமணிக்கொரு வண்டி, நிலைய வாசலில் ஒரு பேருந்து, இரண்டுக்கும் செல்லுபடியாகும் ஒரே பருவச்சீட்டு.